தஞ்சோங் கெராங்கை விட்டுப் போகாத தவமணி அக்கா

பள்ளி விடுமுறையின் இரண்டாவது சனிக்கிழமை. பந்தாய் பாயுவில் என் கடைக்கு முன்னால் காரை நிறுத்த இடம் தேடுகிறவர்கள் ஹாரன் அடித்தபடி இருந்தார்கள். உள்ளே ஒரு குடும்பம் கடலில் நனையாமல் கைப்பேசியை வைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பைக்கு நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. என் கைப்பேசி அதிர்ந்தது. 'தஞ்சோங் கெராங் கடைக்காரர்கள்' என்ற வாட்ஸ்அப் குழு. அதில் யாரும் ஒரு வரி எழுதி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தவமணி அக்காவின் எண்ணிலிருந்து அவர் மகள் கலைவாணி எழுதியிருந்தாள்: "அம்மா இன்னிக்குக் காலையில தவறிட்டாங்க. நாளைக்கு மதியம் எடுக்கிறோம்."

அந்தக் குழுவில் பதின்மூன்று பேர் இருந்தோம். எங்களில் தஞ்சோங் கெராங்கில் இன்னும் கடை வைத்திருந்தவர் அக்கா ஒருவர்தான். மற்ற பன்னிரண்டு பேரும் பெயரளவில் அந்த ஊர்க் கடைக்காரர்கள்.

கடையை மனைவியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். பந்தாய் பாயுவிலிருந்து தஞ்சோங் கெராங் ஆறு கிலோமீட்டர். வளைவுச் சந்திப்பு வரையில் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சாலையின் இரண்டு ஓரத்திலும் கடற்கரைக்கு வந்தவர்களின் கார்கள். சந்திப்பைச் சுற்றி எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பியதும் சாலை வெறிச்சென்று கிடந்தது. தஞ்சோங் கெராங் கடைத்தெருவில் ஏழெட்டு மோட்டார் சைக்கிள்களும், மறுநாள் ஊர்வலத்துக்கு வந்த ஒரு லாரியும் நின்றன. அக்கா வீட்டு வாசலிலேயே காரை நிறுத்த முடிந்தது. துக்க வீட்டுக்குப் போகிறவனுக்கு எரிச்சல் வரக்கூடாது. எனக்கு வந்தது. அந்த எரிச்சல் இந்தக் கட்டுரையிலும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பீடோங்கிலும் செமிலிங்கிலும், கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டங்களிலும் இருக்கும் உங்களில் பலர் ஒரு தடவையாவது அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். பெரும்பாலும் மடியில் ஒரு மண்சட்டியோடு. தோட்டத்து ஆட்கள் தங்கள் வீட்டு அஸ்தியைக் கரைக்கத் தஞ்சோங் கெராங் படகு ஜெட்டிக்குத்தான் வருவார்கள். ஜெட்டிக்கு நேர் எதிரே இருந்தது அக்காவின் பூசைச் சாமான் கடை. முன்பக்கம் சூடம், தேங்காய், பூ, வெற்றிலை; பின்கட்டில் சாப்பாடு. பீடோங்கை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி இந்தக் கடைக்கு வந்தவர். கணவர் சீக்கிரமே போய்விட்டார். கடை நிலைத்தது. படகுக்காரர் பாக் மாட்டைப் பிடித்துக் கொடுப்பதும், ஐயர் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதும், கரைத்துவிட்டு ஈரத்தோடு வருகிறவர்களுக்குச் சோறு போடுவதும் அவர்தான்.

நான் அந்தத் தெருவில் எழுதுபொருள் கடை வைத்திருந்தேன். கடைக்காரர் சங்கத்துக்குச் செயலாளர். அக்கா கடைசிவரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "செகட்ரி" என்பார்.

ஒரு நாள் காலை, அப்பாவின் அஸ்தியோடு மூன்று பிள்ளைகள் வந்தார்கள். கடல் வற்றிக் கிடந்தது. ஜெட்டியின் அடியில் தண்ணீருக்குப் பதில் சேறு. பாக் மாட் படகை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். மூத்தவருக்குச் சுங்கை பட்டாணித் தொழிற்சாலையில் வேலை. மதிய ஷிப்ட்டுக்குப் போக வேண்டும். "இங்கயே ஓரமா ஊத்திட்டு கெளம்புவோம்லா," என்று தம்பிகளிடம் சொன்னார். அக்கா கடையிலிருந்து இறங்கி வந்தார்.

"சேத்துலயா கொட்டப் போறே? ஒங்கப்பா ஒன்னைய சேத்துல போட்டா வளத்தாரு? உக்காரு. ரெண்டு மணி நேரத்துல தண்ணி ஏறும்."

"அக்கா, எனக்கு ஷிப்ட் இருக்கு. சூப்பர்வைசர் ஏசுவான்."

"போனு போடு. நான் பேசறேன்."

அவர் தயங்கித் தயங்கி எண்ணை அழுத்தினார். அக்கா கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார். "என்சிக், ஆயர் சூருட்லா. பாப்பா டியா துங்கு ஆயர் பாசாங்." கடல் வற்றிக் கிடக்கிறது, இவருடைய அப்பா தண்ணீர் ஏறுவதற்காகக் காத்திருக்கிறார் என்று அர்த்தம். மறுமுனையில் இருந்தவர் யாரை, எதை நினைத்தாரோ, அன்றைக்கு லீவு கிடைத்துவிட்டது. மூன்று பிள்ளைகளும் பெஞ்சில் உட்கார்ந்து பருப்பும் நெத்திலிப் பொரியலும் சாப்பிட்டார்கள். தண்ணீர் ஏறியதும் முறையாகக் கரைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த நாள்களில் தஞ்சோங் கெராங்தான் பெரிய ஊர். வங்கி, தபால் நிலையம், மீன் சந்தை, ஐஸ் கம்பெனி, துணிக்கடைகள், பீடோங்கிலிருந்து மணிக்கு ஒரு பஸ். பந்தாய் பாயுவில் தென்னை மரங்களும் கொசுவும்தான். அங்கே இருப்பவர்கள் ஒரு பென்சில் வாங்குவதானாலும் எங்களிடம் வர வேண்டும். 'பாயுக்காரன்' என்றால் எங்கள் தெருவில் கொஞ்சம் இளக்காரம். இதை நான் மறைக்கப் போவதில்லை. நானும் அந்த இளக்காரத்தோடுதான் அவர்களுக்குப் பென்சில் விற்றேன்.

பிறகு சாலை வந்தது. அல்லது, வரவில்லை. எல்லாம் அங்கேதான் தொடங்கியது. ஆனால் அக்காவைப் பற்றி இரங்கல் பேசியவர்களில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். ஏனென்றால் அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்.

பதினேழு வருடங்களுக்கு முன், கடற்கரைச் சாலையை அகலப்படுத்தப் போவதாக நகராண்மைக் கழகம் அறிவித்தது. செமிலிங் பக்கமிருந்து வரும் சாலை எங்கள் கடைத்தெருவின் நடுவே போய்க் கடலோரமாகத் திரும்பும். அதற்கு இடது வரிசைக் கடைகளின் அஞ்சடியை எடுப்பார்கள். கடைக்கு முன்னால் நிழலுக்காக விட்டிருக்கும் ஐந்தடி அகல நடைபாதையைத்தான் அஞ்சடி என்போம். சட்டப்படி அது பொது இடம். ஆனால் எங்களில் யாருக்கும் அந்த நினைப்பே கிடையாது. துணிக்கடைக்காரர் அங்கே துணிகளைத் தொங்கவிட்டிருந்தார். என் நகலெடுக்கும் இயந்திரமும் அங்கேதான் நின்றது. அக்காவின் சாப்பாட்டு பெஞ்சும் அங்கேதான்.

காப்பிக்கடை மாடியில் கூட்டம் போட்டோம். சங்கத் தலைவர் ஐஸ் கம்பெனி முதலாளி; தவ்கே என்றுதான் கூப்பிடுவோம். எதிர்ப்புக் கடிதம் அனுப்புவது என்று அவர் சொன்னதும் எல்லாரும் கை தூக்கினோம். அக்கா தூக்கவில்லை.

"குடுத்துருவோம்," என்றார். "அஞ்சடிதானே? நாளைக்கு ரோடு வேற பக்கம் போயிருச்சுன்னா மொத்தத் தெருவையும் குடுத்துட்டு நிக்கணும்."

தவ்கே சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னார். உன் கடைக்குச் செத்தவர்கள் எப்படியும் வருவார்கள் தவமணி, எங்கள் கடைக்கு உயிரோடு இருக்கிறவர்கள் அல்லவா வர வேண்டும் என்றார். எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

"உயிரோட இருக்கறவன் எந்த வழியா வருவான் தவ்கே?" என்று அதே மலாயில் கேட்டார்.

பதில் சொல்லத் தேவையில்லாத அளவுக்குப் பெரும்பான்மை எங்களிடம் இருந்தது. கடிதத்தை நான் எழுதினேன். என் மலாய் எழுத்து நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. பரம்பரைத் தொழில், சிறு வணிகர் நலன், ஊரின் பழைமை என்று நல்ல நல்ல வார்த்தைகளாகப் போட்டேன். பன்னிரண்டு கையெழுத்துகள். பதின்மூன்றாவது வரி காலியாக இருந்தது.

சில மாதங்களில் பதில் வந்தது. எங்கள் எதிர்ப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது. வெற்றிக்கு விருந்து வைக்க வேண்டும் என்றார் தவ்கே. கோழி பிரியாணிக்கு யாரிடம் போவது? அக்காவிடம்தான். அவரே சமைத்தார், அவரே பரிமாறினார். அவர் கையெழுத்துப் போடாத வெற்றியை நாங்கள் அவர் பெஞ்சில் உட்கார்ந்து, பாதுகாத்துக்கொண்ட அஞ்சடியிலேயே சாப்பிட்டோம். என் இலைக்கு அருகில் வந்தபோது, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா செகட்ரி?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். இன்றைக்கும் அந்தத் தலையாட்டலை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சாலை நிற்கவில்லை. எங்கள் ஊருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னாலேயே ஒரு வளைவுச் சந்திப்பைக் கட்டி, இடது பக்கமாகப் பந்தாய் பாயுவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அஞ்சடி இல்லை. எதிர்க்கத் தெரிந்த சங்கமும் இல்லை. இரண்டு வருடத்தில் முதல் ஹோட்டல் வந்தது. அப்புறம் காப்பிக் கடைகள், சுவர் ஓவியங்கள், புது ஜெட்டி, சனி ஞாயிறுகளில் இரவுச் சந்தை. எங்களிடமிருந்து முதலில் போனது வங்கி. அடுத்தது தபால் நிலையம். பீடோங் பஸ் சந்திப்பிலேயே இடது பக்கம் திரும்பத் தொடங்கியது. மீன் சந்தையில் ஏழு மேசைகள் நான்காகி, நான்கு இரண்டானது. ஐஸ் கம்பெனியை மூடிவிட்டுத் தவ்கே மகனோடு பினாங்குக்குப் போய்விட்டார். ஒரே கடல்தான். இரண்டு ஊருக்கும் ஒரே காற்று, ஒரே வெயில். அக்கா அடிக்கடி சொல்வார்: "கடலுக்கு இந்த ஊரு அந்த ஊருன்னு கெடையாது தம்பி. ரோட்டுக்குத்தான் உண்டு."

ஒன்பது வருடங்களுக்கு முன் நானும் போனேன். பந்தாய் பாயுவில் கடை. பென்சிலுக்குப் பதிலாக நீச்சல் உடையும் மணல் வாளியும். சாமான் ஏற்றிய அன்று அக்கா வந்து நின்றார். நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"என்ன செய்யறதுக்கா, ஊரு செத்துப்போச்சு."

"நீ போறது தப்பில்ல செகட்ரி. புள்ளைங்க படிக்கணும். போ. ஆனா ஊரு செத்துப்போச்சுன்னு அங்க போய்ச் சொல்லிக்கிட்டுத் திரியாத. ஊரு தானா சாகல. நீங்க பன்னெண்டு பேரு கையெழுத்துப் போட்டீங்க."

அத்தனை வருடங்களில் அவர் அதைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். லாரி கிளம்பும்போது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து, என் புதுக் கடைத் திறப்புக்குப் பூமாலையோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

சந்திப்பில் இருக்கும் வழிகாட்டிப் பலகை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். இடது பக்கம் அம்புக்குறி, பந்தாய் பாயு. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. மூன்று கிலோமீட்டரில் ஒரு ஊர் இருக்கிறது என்பதே அந்தப் பலகைக்குத் தெரியாது. வலது பக்கத்துக்கு ஒரு அம்புக்குறி, ஒரு பெயர். அக்கா கேட்டது அவ்வளவுதான். அவர் சொல்லச் சொல்ல நான் நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் தட்டச்சு செய்து கொடுப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் வரும்: நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது. அதிகாரிகள் மாறினார்கள். பதில் மாறவில்லை.

ஒரு நாள் அவரே ஒரு ஒட்டுப்பலகையை வாங்கி, மஞ்சள் பெயின்ட் அடித்து, சிவப்பில் 'லாவுட் சினி புன் அடா' என்று மலாயில் எழுதவைத்தார். கடல் இங்கேயும் இருக்கிறது. அதற்குக் கீழே வலது பக்கம் ஒரு பெரிய அம்புக்குறி. பாக் மாட்டின் உதவியோடு சந்திப்பில் நட்டுவிட்டார். மூன்று நாள் நின்றது. அந்த மூன்று நாளில் ஐந்து கார்கள் வழி தேடி வந்தன என்று குழந்தை மாதிரி போன் பண்ணிச் சொன்னார். நான்காம் நாள் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டு, அனுமதியின்றி விளம்பரம் வைத்ததாக நோட்டீஸ் அனுப்பினார்கள். எத்தனையோ வருடமாக ஒரு பலகை வைக்க நேரமில்லாதவர்களுக்கு ஒன்றைப் பிடுங்க நான்கு நாள் போதுமானதாக இருந்தது.

அக்கா நோட்டீஸை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே போனார். நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். தவற்றுக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் கொடுத்தால் விட்டுவிடுவோம் என்றார்.

"கடுதாசி தரேன்," என்றார் அக்கா. "மொதல்ல பலகையைக் குடுங்க. பலகை என்னுது."

அவர்கள் ஸ்டோரில் தேடிப் பலகையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை மோட்டார் சைக்கிளின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, அம்புக்குறி வானத்தைக் காட்ட, பந்தாய் பாயு வழியாகவே ஊர் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு ரொம்பச் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

அவர்மேலும் எனக்குக் கோபம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். கலைவாணி சுங்கை பட்டாணியில் தனி அறை ஒதுக்கிவைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் கூப்பிட்டாள். நான் என் கடையில் பாதியைத் தருகிறேன் என்றேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஜெட்டியில் பலகைகள் உடைந்ததும், தகரம் வைத்து அடைத்து, 'ஆபத்து' என்று எழுதிப் பூட்டிவிட்டார்கள். அதன் பிறகு அஸ்தி கொண்டுவருகிறவர்களும் பந்தாய் பாயுவுக்குப் போகத் தொடங்கினார்கள். தவ்கே அன்றைக்குச் சொன்ன, எப்படியும் வருகிறவர்களும் வரவில்லை. நான் நேரில் போய்ச் சண்டை போட்டேன்.

"யாருக்காகக்கா தொறந்து வச்சிருக்கீங்க? யாரு வரா?"

"வர்றவங்க வந்து பூட்டின கதவைப் பாத்துட்டுப் போகணுமா?"

"வரட்டும் பாப்போம். இன்னிக்கு நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்தேன். காலை ஒன்பது மணியிலிருந்து கடை சாத்தும்வரை. ஒருவரும் வரவில்லை. ஆறு பேருக்குச் சமைத்திருந்தார். எனக்கும் பாக் மாட்டுக்கும் போட்டது போக மிச்சத்தை மூடி வைத்தார். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்ததைச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலையிலும் கடையைத் திறந்தார் என்று பாக் மாட் சொன்னார்.

இரண்டு மாதங்களுக்கு முன் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் மகள் வீட்டுக்குப் போகாமல் கடைக்கே போனார். நாங்கள் பயந்தபடியே, அந்தச் சனிக்கிழமை காலை, சாமி படத்துக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

மூன்றாம் நாள் அஸ்தி கரைக்க வேண்டும். கலைவாணி, அவள் கணவர், பாக் மாட், நான். எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த ஜெட்டியில் முறை சொல்லிக் கொடுத்தவருக்கு அந்த ஜெட்டியிலிருந்து போக வழியில்லை. தகரக் கதவில் பெரிய பூட்டு. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். விவரத்தைச் சொன்னேன். பேசியவர் இரங்கல் சொன்னார். பிறகு, விண்ணப்பம் கொடுங்கள், மூன்று வேலை நாளில் அனுமதி கிடைக்கும் என்றார்.

கலைவாணியின் கணவர் காரிலிருந்து இரும்புக் கம்பியை எடுத்தார். "ஒடச்சிருவோம்ணே. என்னா பண்ணிருவாங்க?"

"வேணாம்," என்றாள் கலைவாணி. சட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "அம்மா சண்ட போடுவாங்க. பூட்ட ஒடைக்க மாட்டாங்க."

பந்தாய் பாயுவுக்குப் போனோம்.

புது ஜெட்டியில் பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. வாழைப்பழ வடிவ ரப்பர் படகில் ஏறுவதற்காக ஆரஞ்சு உயிர்காப்புச் சட்டை போட்ட கூட்டம் வரிசையில் நின்றது. டிக்கெட் கொடுக்கும் பெண் எங்களைப் பார்த்து, "பாக்கேஜ் மானா, என்சிக்?" என்று கேட்டாள். எந்தச் சுற்றுலா வேண்டும் என்கிறாள். பாக் மாட் சட்டியைக் காட்டினார். அந்தப் பெண் சட்டென்று எழுந்து பாட்டை நிறுத்தினாள். வரிசையில் நின்றவர்களிடம் ஏதோ சொன்னாள். அவர்கள் விலகி வழி விட்டார்கள். அவள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரிசையில் நின்றவர்கள்மேலும் இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத இடத்தில் கோபத்தோடு நிற்பதுதான் கஷ்டம்.

படகு கிளம்பியது. தஞ்சோங் கெராங் பக்கமாகப் போகச் சொன்னேன். படகுக்குக் காப்புறுதி எல்லை மிதவை வரைக்கும்தான், அதைத் தாண்டக்கூடாது என்றார் படகோட்டி. மிதவைக்கு அருகில் நின்றோம். அங்கிருந்து பார்த்தால் வடக்கே எங்கள் ஊர் ஐஸ் கம்பெனியின் புகைபோக்கி மட்டும் தெரிந்தது. கலைவாணி கரைத்தாள். பூ கொஞ்ச நேரம் படகைச் சுற்றியே நின்றது.

"தண்ணி அங்க கொண்டுபோயிருமா?" என்று பாக் மாட்டிடம் கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என் மனசுக்குப் போதும்.

அவர் பூவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடல் விஷயத்தில் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இல்லை," என்றார் மலாயில். "இன்றைக்கு நீரோட்டம் தெற்கே போகிறது."

எட்டாம் நாள் பந்தாய் பாயு கோயில் மண்டபத்தில் இரங்கல் கூட்டம். நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு பேரில் உயிரோடு இருக்கும் எல்லாரும் வந்திருந்தோம். அக்காவின் ஒரு கடிதத்துக்கும் பதில் போடாத பிரமுகர் ஒருவர் ஆளுயர மாலையோடு வந்து, அவர் பொறுமையின் சிகரம், சாந்த சொரூபி, யாரிடமும் எதையும் கேட்காத பெருந்தகை என்று பேசினார். கை தட்டினார்கள். நான் பேச எழுந்தவன் இரண்டு வரியில் முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அங்கே சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் பொறுமைசாலி இல்லை. யாரிடமும் எதையும் கேட்காதவரும் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். நாம்தான் தரவில்லை.

அவர் இறப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் பார்க்கப் போயிருந்தேன். பந்தாய் பாயுவில் வாடகை ஏறியதையும், குப்பை அள்ள வராததையும், கடற்கரை நாறுவதையும் அரை மணி நேரம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"தேஞ்ச ஊர்லயும் பொலம்பல், வளந்த ஊர்லயும் பொலம்பல். ஏன் செகட்ரி, இதெல்லாம் எங்கிட்ட சொல்லி என்னா ஆகப்போவுது? நானா குப்பை லாரி ஓட்டறேன்? பொலம்பறதா இருந்தா ஆளப் பாத்துப் பொலம்பு. காலையில எட்டு மணிக்குப் போ. எட்டரைக்குப் போனீன்னா டீ குடிக்கப் போயிருவானுங்க."

கூட்டம் முடிந்த மறு திங்கட்கிழமை, கடையைத் திறக்காமல் நகராண்மைக் கழக அலுவலகத்துக்குப் போனேன். மணி எட்டாக ஐந்து நிமிடம் இருந்தது. கதவு திறந்ததும் தஞ்சோங் கெராங் ஜெட்டியைப் பழுதுபார்க்கக் கோரும் விண்ணப்பப் பாரத்தை வாங்கி, நிரப்பிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த இளைஞர் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, நீங்கள் பந்தாய் பாயுவில்தானே இருக்கிறீர்கள், அந்த ஊர் ஜெட்டிக்கு நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்றார். நியாயமான கேள்வி. ஒன்பது வருடமாக நானே என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் அந்த ஊர்க் கடைக்காரர் சங்கத்துச் செயலாளர் என்றேன். சங்கம் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் பதில் வரும் என்றார்.

பதில் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். நடவடிக்கை எடுக்கப்பட்டு வரும். நான்காவது வாரம் மறுபடியும் போவேன். அக்காவின் கடையிலிருந்து நினைவுக்கு ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னாள் கலைவாணி. வேண்டாம் என்றேன். எனக்கு வேண்டியதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டேன். அது அவருடைய கோபம். வீட்டுக்குள் உட்கார்ந்து கத்தாத, யாரையும் கெட்ட வார்த்தை சொல்லாத, குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு காலை எட்டு மணிக்குக் கவுண்டரில் முதல் ஆளாகப் போய் நிற்கிற கோபம். அவரைத் தெரிந்த நீங்களும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்.